அப்புச்சி காருக்கு நான் அடிச்ச பெயின்ட்

அம்மிணி,

வர்ற வெள்ளிக்கிழமை நீ பெங்களூர் ரயிலை விட்டு எறங்கி ஊட்டுக்கு வந்ததும், பையைக்கூட உள்ள கொண்டு போய் வெக்காம நேரா ஷெட்டுக்குத்தான் போவேன்னு எனக்குத் தெரியும். அந்தக் காரைக் கிளப்பின நாள்ல இருந்து நீ அப்படித்தான் பண்றே. அதனால ஷெட்டுக் கதவை நீ திறக்கறதுக்கு முன்னாடி இந்தக் கடிதம் உன் கையில இருக்கோணும். போன்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உன் காருக்கு நான் பெயின்ட் அடிச்சுட்டேன். பழைய பெயின்ட்டைத் தகரம் தெரியற வரைக்கும் சுரண்டி எடுத்துட்டு முழுசா புதுசு அடிச்சாச்சு. சீட்டு புதுசு, பம்பர் புதுசு, முன்பக்கக் கண்ணாடி புதுசு. நீ எதையெல்லாம் தொடாம காப்பாத்தி வெச்சியோ அதையெல்லாம் தொட்டாச்சு. இதைப் படிச்சதும் உனக்குக் கோபம் வரும். வரட்டும், ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு மீதியைப் படி. எப்படி நடந்துச்சுன்னு ஒளிக்காம எழுதறேன்.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கொமரலிங்கத்துல இருந்து வந்து கல்யாணத்தைப் பேசி முடிச்சுட்டுப் போன அன்னிக்கு, சீருக்கு என்னென்ன வேணும்னு நான் உங்கிட்டக் கேட்டேன். "சீரெல்லாம் ஒண்ணும் வேண்டாங்கப்பா. அப்புச்சி காரை என் பேருக்கே மாத்திக் குடுத்துட்டீங்க, அதுவே போதும். அது எப்படி இருக்குதோ அப்படியே எடுத்துட்டுப் போறேன்"னு சொன்னே. இதுல முதல் பாதிதான் என் காதுல விழுந்துச்சு. சீர் வேண்டாம்னு பொண்ணு சொல்றாளேன்னு ஒரே வெசனம். என்ன பேசினாலும் நம்ம பக்கத்துல சீர்னா நாலு பேர் பாக்கற மாதிரி சபையில வெக்கோணும். சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கூடி நிக்கறப்ப, ஒத்தப் பொண்ணுக்கு ஒரு வெளுத்துப் போன பழைய காரைக் குடுத்து அனுப்பறான் பாருன்னு யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு எனக்கு அப்பவே ஒரு பயம்.

அந்த வண்டியை நான் என்னிக்கும் மதிச்சதில்லைங்கறதையும் ஒத்துக்கறேன். குண்டடத்துல உங்க அப்புச்சி அதை வாங்கின வருஷந்தான் நான் பொறந்தேன், எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. அவர் போன பொறகு உன் மாமன்மார் யாருக்கும் அது வேண்டாம். உங்கம்மா மட்டும் "எங்கப்பா காரை எடைக்குப் போட உடமாட்டேன்"னு ஒத்தக் கால்ல நின்னு, லாரியில ஏத்தி மண்ணரைக்குக் கொண்டாந்தா. நம்ம பனியன் யூனிட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல செங்கல்லு மேல தூக்கி வெச்சு, வேஸ்ட் துணியைப் போத்தி, பன்னெண்டு வருஷம் அப்படியே கெடந்துச்சு. நீ வேலைக்குப் போன பொறகு லீவு கெடைச்சப்பல்லாம் வந்து அதுக்கு அடியில போய்ப் படுத்துக்குவே. கழட்டின ஒவ்வொரு போல்ட்டையும் பனியன் போடற பாலிதீன் கவர்ல போட்டு, இது எந்த இடத்துதுன்னு துண்டுச் சீட்டு எழுதி வெப்பே. பிரேக்கு, டயரு, பேட்டரி, ஒயரு, ஓடறதுக்கு வேணுங்கறதை மட்டும் மாத்தினே. வேற ஒண்ணுலயும் கை வெக்கலை. நாலு வருஷப் பாடு. ரெண்டு வருஷம் முன்னாடி நீ அதைக் கிளப்பி உங்கம்மாவை உக்கார வெச்சுக் குண்டடம் வரைக்கும் போய்ட்டு வந்த அன்னிக்கு, அவ சிரிச்ச சிரிப்பைப் பாத்துட்டுத்தான் ஆர்.சி. புக்கை உன் பேருக்கு மாத்தினேன். சட்டப்படி அது உன் வண்டி. அதைக்கூட நான் மறந்துட்டேன்.

பொறகு நீ அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்பினே. இப்பவும் என் போன்ல இருக்குது, நேத்து நாலு தடவை போட்டுக் கேட்டேன். "அப்பா, இத்தனை நாளா நாம தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுந்தான் கட்டிட்டு வர்றோம். நம்ம வண்டி யாரையாச்சும் இடிச்சா அவங்களுக்குக் காசு கெடைக்கும். நம்ம வண்டி எரிஞ்சு போனா நமக்கு ஒண்ணும் வராது. சாதாரணமாக் கணக்குப் போட்டா இவ்வளவு பழைய வண்டிக்கு மதிப்புன்னு ஒண்ணும் போடமாட்டாங்க. பழைய காரைப் பத்தித் தெரிஞ்ச வேல்யூவர் ஒருத்தர் நேர்ல பாத்து ரிப்போர்ட் குடுத்தா, அந்தத் தொகைக்கு கம்பெனியும் நாமளும் ஒத்துக்கிட்டு பாலிசி போட்டுக்கலாம். கோயமுத்தூர்ல இருந்து ஆள் வருவார். நீங்க ஷெட்டைத் திறந்து உட்டாப் போதும்." இவ்வளவுதான் நீ சொன்னது. திறந்து உட்டாப் போதும். எனக்கு நீ வெச்ச சோலியே அது ஒண்ணுதான்.

ஆனா ஒருத்தர் வந்து பாக்கப் போறார்னு சொன்னா என் மண்டையில ஏறறது ஒண்ணே ஒண்ணு, இன்ஸ்பெக்ஷன். முப்பது வருஷமா பனியன் கம்பெனியில அதுதானே என் பொழப்பு. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரோட ஆள் பத்து மணிக்கு வர்றார்னா, முந்தின நாளே எல்லாருக்கும் கை கால் ஓடாது. எண்ணெய்க் கறையை ஸ்ப்ரே அடிச்சு எடுப்போம், ஓட்டை விழுந்த பீஸை மெண்டிங் பண்ணுவோம், நூலு பிசிறு ஒண்ணு தொங்கக் கூடாது. தேறாத பீஸெல்லாம் பக்கத்து குடோனுக்குப் போயிரும். வர்றவர் எந்தப் பெட்டியைத் தொடுவார்னுகூட எனக்குத் தெரியும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் குனியாம எட்டற பெட்டியைத்தான் எடுக்கச் சொல்லுவாங்க. அந்த உசரத்துல பொறுக்கியெடுத்த பீஸை அடுக்கி வெச்சிருப்பேன். சரக்கு லாட் மொத்தமும் பாஸாகும், எல்லாருக்கும் போண்டாவும் டீயும் வரும். அதைத் திறமைன்னு நெனச்சுத்தான் இத்தனை நாள் வாழ்ந்திருக்கறேன். அதே திறமையை உன் காருக்கும் காட்டினேன்.

பல்லடம் ரோட்டுல ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். அந்தப் பெயின்டர் பானெட்டைத் தடவிப் பாத்துட்டு, "ஏனுங்க, இது கம்பெனி பெயின்ட்டுங்க. பாலிஷ் போட்டா வந்துருமுங்க. இதை எதுக்குங்க சுரண்டறது?"ன்னு கேட்டான். "சொன்ன சோலியைச் செய்யப்பா"ன்னு அவன் வாயை அடைச்சேன். அது மட்டுமா, உள்ள இருந்த ஒரு சின்ன மூடியைக் கழட்டி எடுத்துட்டுப் போய், தெரிஞ்ச சாயப்பட்டறையில நிறம் ஒத்துப் பாக்கற லைட் பாக்ஸ்ல வெச்சு, அந்த வெளிறின பச்சைக்குச் சரியா ஷேடு மேட்ச் பண்ணினேன். துளி பிசகலை. அதுல எனக்கு அப்படி ஒரு பெருமை. உங்கம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே, "ஏனுங்க, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. "கல்யாணத்துக்கு வர்றப்ப பாத்து ஆச்சரியப்படட்டும்"னேன். "ஆச்சரியப்படறது அவளா, ஒறம்பரையா?"ன்னு கேட்டுட்டு ரசத்தை ஊத்திட்டுப் போய்ட்டா. அதுக்குப் பதிலை இப்பச் சொல்றேன். ஒறம்பரைதான்.

வேல்யூவர் வந்த அன்னிக்குக் காலையில வண்டிக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சு நிறுத்தியிருந்தேன். நாப்பது வயசு இருக்கும் அவருக்கு, அதிகம் பேசாத மனுசன். டீ குடுத்தேன், அப்பறம் குடிக்கறேன்னார். பெயின்ட் எவ்வளவு கனம் இருக்குதுன்னு சொல்ற ஒரு சின்ன மெஷினைக் கதவுல வெச்சாரு, பானெட்ல வெச்சாரு, கூரையில வெச்சாரு. அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பையர் ஆளுங்க குனியவே மாட்டாங்க, இவர் தரையில முழங்கால் போட்டு உக்காந்துட்டாரு. "பெயின்ட் எப்பங்க அடிச்சீங்க?"ன்னார். "போன வாரந்தானுங்க. ஷேடு பாருங்க, வித்தியாசமே தெரியாது"ன்னேன். "ஆமாங்க, ஷேடு நல்லாத்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டு, தன்னோட போனை எடுத்து எங்கிட்டக் காட்டினாரு. நீ அவருக்கு அனுப்பி வெச்சிருந்த போட்டோ. வெளுத்த பானெட்டு, வெடிச்ச சீட்டு, லேசா நெளிஞ்ச பம்பரு, எல்லாம் பழையபடி. "நான் இந்த வண்டியைப் பாக்கத்தானுங்க வந்தேன்"னார்.

பொறகு அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "புதுசாக்கின பழைய கார் ஊருக்கு நாலு நிக்குதுங்க. அம்பது அறுபது வருஷமா யாரும் கை வெக்காத வண்டிதான் கெடைக்கறதில்லை. போட்டோவுல இருக்கறதுக்கு மனசுல ஒரு மதிப்புப் போட்டு வெச்சிருந்தேன். இதுக்கு அதுல பாதிகூடப் போட முடியாதுங்க." கோபமாச் சொல்லலை. எழவு ஊட்டுல பேசற மாதிரி மெதுவாச் சொன்னார். "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்"னு நான் கேட்டேன் அம்மிணி. பழக்க தோஷம், வாய் தானாக் கேட்டுருச்சு. அவர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு டீயைக் குடிச்சாரு.

அன்னிக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணினே. "வேல்யூவர் வந்தாருங்களாப்பா?" வந்தாருன்னேன். "என்னங்க சொன்னாரு?" நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொன்னாருன்னேன். "சரிங்கப்பா, சாப்பிட்டீங்களா?"ன்னே. பெயின்ட் அடிச்சதாச்சும் அறியாம செஞ்சது. இது தெரிஞ்சே சொன்ன பொய். மறுநாள் காலையில முதல் வேலையா, கழட்டின சாமானையெல்லாம் போட்டிருந்த பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். சீட்டு போயிருச்சு, கண்ணாடி போயிருச்சு. பம்பர் ரெண்டும், பழைய பெயின்ட்டோட இருந்த அந்தச் சின்ன மூடியும் மட்டும் கெடைச்சுது. வாங்கிட்டு வந்து பனியன் துணியில சுத்தி ஷெட்டுல வெச்சிருக்கறேன். அதனால எதுவும் சரியாயிராதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துட்டு வந்தேன்.

இதையெல்லாம் எழுதறப்ப வேற ஒண்ணு மனசைப் போட்டு அரிக்குது. அதையும் சொல்லாம உட்டா இந்தக் கடிதமும் ஒரு பூச்சு வேலைதான். மூணு வருஷம் முன்னாடி ஈரோட்டுப் பக்கத்துல இருந்து உன்னைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கு அலங்காரம் பண்ண வந்த பொண்ணுகிட்ட உன் கழுத்துல இருக்கற வெள்ளைத் திட்டைக் காட்டி, "இது தெரியாம பண்ணிருங்க"ன்னு சொன்னவன் நான். நீ கண்ணாடியிலயே என்னைப் பாத்து, "எதுக்குங்கப்பா?"ன்னு கேட்டே. "ஒரு மணி நேரந்தானே கண்ணு"ன்னேன். பொறகு அவங்களுக்கு யாரோ சொல்லி, "மறைச்சுக் கட்டி வெக்கப் பாத்தீங்களே"ன்னு போன்ல கத்திட்டு சம்பந்தத்தை முறிச்சுக்கிட்டாங்க. மூணு மாசம் அவங்களை நான் திட்டாத திட்டு இல்லை. அவங்களைத் திட்டறதே உனக்கு ஆறுதல்னு நெனச்சுக்கிட்டேன். உங்கிட்ட ஒரு நாள் மன்னிப்புக் கேக்கலை. உன் கழுத்துல தப்பு ஒண்ணும் இல்லை, கண்ணு. அதை மறைக்கோணும்னு நெனச்ச எங்கிட்டத்தான் தப்பு. இந்த மாப்பிள்ளை முதல் நாளே உன்னை உள்ளபடி பாத்துட்டு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, உன் காரைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினார்னு நீ உங்கம்மாகிட்டச் சொன்னியாமா. நல்ல பையன். என்னை விட நல்லாப் பாக்கத் தெரிஞ்சவர்.

கல்யாணம் ஆகிப் போற பொண்ணுக்குப் பெத்தவன் நாலு புத்தி சொல்லோணுங்கறாங்க. என்னை மாதிரி ஆள் என்னத்தச் சொல்ல? ஒண்ணு வேணும்னா சொல்றேன், அடிபட்டுக் கத்துக்கிட்டது. உங்களுக்குள்ள ஏதாச்சும் தப்புத்தண்டா நடந்தா அன்னிக்கே சொல்லிரு. மறுநாளைக்குத் தள்ளினா வாய் வராது. ஒரு வாரம் போச்சுன்னா அது இல்லாத மாதிரியே ரெண்டு பேரும் பேச வேண்டியிருக்கும். மூணு வாரம் போச்சுன்னா என்னாட்ட இப்படிப் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு உக்காந்திருக்கோணும். அவருக்குச் சொந்தமானது எதையாச்சும் நல்லது பண்றதா நெனச்சு மாத்தப் போறீன்னா, ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்து. கேக்கறதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிராது. இதை நான் உங்கம்மாகிட்டக் கத்துக்கிட்டிருக்கோணும், முப்பது வருஷமா அவ சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறா.

இது வரைக்கும் திங்கக்கிழமையும் நேத்தும் எழுதினது. இன்னிக்குப் புதன்கிழமை. தபால்ல போட்டா நீ கிளம்பறதுக்குள்ள வருமா, இல்லை கூரியர்ல போடலாமான்னு ரோசனை பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்கம்மா வந்து, "மூணு நாளா அப்படி யாருக்குங்க எழுதறீங்க?"ன்னா. சரி, அவளாச்சும் கேக்கட்டும்னு முழுசும் படிச்சுக் காட்டினேன். கேட்டு முடிச்சுட்டு முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிட்டா. பொறகு சொன்னா, "அவளுக்குத் தெரியுமுங்க."

"நீ சொல்லிட்டியா?"

"நான் எதுக்குங்க சொல்லோணும்? வண்டி அவ பேர்ல இருக்குது. ரிப்போர்ட்டு அவளுக்குத்தானே போகும்? அந்த ஆள் கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள போட்டோவெல்லாம் அவ போனுக்கு வந்துருச்சு."

இத்தனை வருஷம் லாட்டு லாட்டா ரிப்போர்ட் பாத்தவன், இது யாருக்குப் போகும்னு யோசிக்கவே இல்லை. நான் உங்கிட்டப் பொய் சொன்ன அந்தச் சாயங்காலமே உன் கையில எல்லாம் இருந்திருக்குது. "மூணு வாரமா எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே"ன்னு உங்கம்மாகிட்டக் கேட்டேன். "ஏன் கேக்கலை? தெனமும்தான் கேட்டா. வண்டி எப்படிங்கப்பா இருக்குதுன்னு. நீங்கதான் இருக்குது இருக்குதுன்னு சொல்லிட்டு எங்கிட்டப் போனைக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போனீங்க"ன்னா.

பொறகு அவ போனை எடுத்து, நீ அவளுக்கு அனுப்பியிருந்த இன்சூரன்ஸ் ஃபாரத்தைக் காட்டினா. இங்கிலீஷ்ல இருந்துச்சு, ரெண்டு பேரும் எழுத்துக் கூட்டிப் படிச்சோம். கொறைஞ்ச மதிப்புக்கே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கே. அதுக்கு மேல கம்பெனிக்காரங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, செஞ்ச மாற்றத்தையெல்லாம் எடுத்துட்டு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வர்ற எண்ணம் இருக்குதான்னு. அதுக்குக் கீழ நீ எழுதியிருக்கே: "இல்லை. இது என் அப்பா அடித்த பெயின்ட்."

அம்மிணி, உங்கம்மா முன்னாடி நான் அழுததில்லை. இன்னிக்கு அழுதேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா.

நாலு வருஷம் நீ பட்ட பாட்டை நான் ஒரே வாரத்துல சுரண்டிப் போட்டிருக்கறேன். அதைப் போய் என் பேரைச் சொல்லி ஏத்துக்கிட்டிருக்கே. நீ என்னை மன்னிச்சுட்டேன்னு இதை வெச்சு நான் எடுத்துக்க மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது, உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு, இல்லை சொல்லாமயே இரு. ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குன்னு நீ மூணு வாரம் காத்துக்கிட்டு இருந்திருக்கே, நான் சொல்ல வேண்டியதை இனிக் கூரியர்காரன் கையில குடுத்து அனுப்பறது நல்லா இல்லை. இந்தக் கடிதத்தை நீ வந்த பொறகு உன் கையில தர்றேன். இன்னும் ஒரு மணி நேரத்துல எப்பவும் போல உன்கிட்ட இருந்து போன் வரும், வண்டி எப்படிங்கப்பா இருக்குதுன்னு கேப்பே. இன்னிக்கு நான் சொல்லிருவேன். சொல்லி முடிச்சதும் நீ அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, ஒண்ணுமே பேசாம இருந்தாலும் சரி, உங்கம்மாகிட்டக் குடுக்காம நானே போனைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்.